வடக்கே போகச் சொன்னவர்

பாலத்தில் மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஜோகூரிலிருந்து சிங்கப்பூருக்குப் போகும் அந்த ஒடுங்கிய மோட்டார் பாதையில், விடியலுக்கு முன்பே, ஆயிரக்கணக்கான பேர் ஒருவர் முதுகை ஒருவர் பார்த்தபடி நகர்ந்துகொண்டிருப்பார்கள். எண்ணெய் சிந்திய இடமோ தண்ணீர் தேங்கிய பள்ளமோ கண்ணில் பட்டால், முன்னால் போகிறவர் ஒரு காலை வெளியே நீட்டுவார். அதைப் பார்த்துப் பின்னால் வருகிறவரும் நீட்டுவார். அப்படியே ஒவ்வொரு காலாக நீண்டுகொண்டு போகும், கண்ணுக்கெட்டாத கடைசி ஆள் வரைக்கும். யாருக்கும் யார் பெயரும் தெரியாது. ஹெல்மெட்டுக்குள் இருக்கும் முகமும் தெரியாது. ஆனாலும் கண்டதைக் காட்டாமல் தாண்டிப்போனவனை அன்றைக்கு முழுக்கத் திட்டித் தீர்ப்பார்கள்.

குணாளனுக்கு அந்த வழக்கம் எலும்பு வரைக்கும் இறங்கியிருந்தது. யோங் பெங் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் பிறந்தவர், கல்யாணமான கையோடு மாசாய்க்கு வந்து ஒரு வரிசை வீட்டில் குடியேறினார். அன்றிலிருந்து சிங்கப்பூரில் ஒரே கிடங்கில் வேலை. வந்திறங்கும் பெட்டிகளின் எண்ணை வாசித்து, எது எங்கே போக வேண்டுமோ அங்கே போர்க்லிப்டில் கொண்டுபோய் வைப்பது. அங்கே அவர் பேச்சை யாரும் கேட்பதில்லை, கேட்க வேண்டிய தேவையும் இல்லை. வீட்டில் மகள் லோஷினி காதில் எதையோ மாட்டிக்கொண்டு அலைவாள். மனைவி தனலெட்சுமி, அவர் ஒரு வாக்கியத்தைத் தொடங்கினால் அதை முடித்து வைத்துவிடுவாள். அவர் சொல்லுக்காகக் காத்திருந்த ஒரே இடம் மாசாய் மோட்டார்காரர்களின் வாட்சாப் குழுதான். விடிவதற்கு முன் அவர் அனுப்பும் குரல் பதிவைக் கேட்டுவிட்டுத்தான் பாதிப்பேர் வண்டியைக் கிளப்புவார்கள். “கஸ்டம்ல கூட்டம். துவாஸ் ரெண்டாவது பாலம் பக்கமா போங்க. காத்திருக்காதீங்கலா.” அவ்வளவுதான் செய்தி. அந்த ஒரு நிமிடம் குணாளனின் குரலில் வேறொருவர் இருப்பார்.

ஒரு வருடம் மழையில் சறுக்கி விழுந்து கால் முறிந்தது. இரும்புக்கம்பி வைத்து, மாதக்கணக்கில் முன்னறைச் சோபாவில் கிடந்தார். பாலமும் இல்லை, குழுவுக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. அப்போதுதான் கைப்பேசி அவருக்கு அந்தப் பெண்ணைக் காட்டியது. சாய்ந்து ஆடும் ஒரு படகின் உள்ளே, கம்பளித் தொப்பியோடு, உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தாள். பத்து நிமிடக் காட்சியில் ஒரு வார்த்தை பேசவில்லை. வெளியே கடல் மோதிக்கொண்டிருந்தது. தோலை முழுநீளமாக, அறுந்துபோகாமல் சீவி முடித்து, தூக்கிப் பார்த்து, தனக்குள் சிரித்துக்கொண்டாள். குணாளன் அதை மறுபடி மறுபடி பார்த்தார். ஒரு மனிதர் பேசாமல் இவ்வளவு நிறைவாக இருக்க முடியும் என்பது அவருக்குப் புதிதாக இருந்தது.

அவள் பெயர் மரெட். எஸ்தோனியா என்ற குளிர்நாட்டுக்காரி, ஐம்பதைத் தாண்டியவள், பயணிகள் கப்பலில் எஞ்சின் பழுது பார்க்கிறவள். யாரோ கைவிட்ட ஒரு பாய்மரப் படகை வாங்கித் தன் கையாலேயே வருடக்கணக்கில் செப்பனிட்டு, கடற்பறவை என்று பொருள்படும் தன் மொழிப் பெயரை அதற்கு வைத்திருந்தாள்: கயாகஸ். அந்தப் படகில் தன்னந்தனியாக, எங்கும் கரையேறாமல் உலகத்தைச் சுற்றும் பந்தயத்தில் கலந்துகொள்வதற்காகத்தான் இத்தனை வருடமும் உழைத்திருந்தாள். குணாளன் கால் ஊன்றி மறுபடி வேலைக்குப் போகத் தொடங்கிய சமயத்தில் அவளும் கிளம்பினாள். பந்தயத்தின் இணையப் பக்கத்தில் ஒரு நீல வரைபடம். அதில் ஒவ்வொரு படகும் ஒரு நிறப்புள்ளி. சில மணி நேரத்துக்கு ஒருமுறை புள்ளி கொஞ்சம் நகரும். பக்கத்தில் அன்றைய இடம், ஒன்று, இரண்டு, மூன்று என்று. மரெட்டின் புள்ளி மஞ்சள்.

அவருடைய இந்தப் பைத்தியம் குழுவுக்கும் தெரிந்துபோனது.

கஸ்டம்ஸ் மேம்பாலத்தின் அடியில் எல்லோரும் ஒதுங்கி மழைச்சட்டை மாட்டிக்கொண்டிருந்த ஒருநாள், பக்கத்துத் தாமான் குடியிருப்பைச் சேர்ந்த செல்லப்பன் ஆரம்பித்தான். “என்னண்ணே, ஒங்க வெள்ளக்காரி எங்க போய்க்கிட்டிருக்கா?”

“நியூசிலாந்து தாண்டியாச்சு. இனி தென்னமெரிக்காவுக்கு அடியில ஹார்ன் முனை.”

“இன்னும் கடைசிதானா?”

“கடைசிக்கு முந்தி. பின்னால ஒருத்தரு இருக்காரு.”

“அலாமாக், அந்தாளுக்கு எஞ்சின் கெட்டுப்போச்சா?”

“எஞ்சின்ல ஓடலலா. காத்துதான்.”

“காத்த நம்பியா ஒலகத்த சுத்துறாங்க? நாம ஹோண்டாவ நம்பியே இந்தப் பாலத்த தாண்ட முடியல.”

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். குணாளனும் சிரித்தார். கைப்பேசியின் ஈரத்தைச் சட்டையில் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். மஞ்சள் புள்ளியைச் சுற்றிலும் நீலம். இங்கே முழங்கை இடிக்காமல் கையைத் தூக்க இடமில்லை. அங்கே அவளைச் சுற்றி ஆளே இல்லை. அவர் அவளை விரும்பியதற்குக் காரணம் கேட்டால் இதைத்தான் சொல்லியிருப்பார். யாரும் கேட்கவில்லை.

விதிகளைத் தனலெட்சுமிக்கு விளக்கியிருந்தார். அவள் நெத்திலியின் தலையைக் கிள்ளிக்கொண்டே கேட்டாள்.

“மழ வருது, காத்து வருதுன்னுகூட சொல்லக்கூடாதா?”

“கூடாது. வெளியாளு ஒதவி எதுவும் கூடாது. அவங்ககிட்ட காத்தழுத்தம் காட்டுற கருவி ஒன்னு இருக்கு. அப்புறம் வானம் இருக்கு. அத வச்சு அவங்களே முடிவு பண்ணணும்.”

“செத்தா சாகட்டும்னு விட்டுருவாங்களா?”

“கேட்டா சொல்வாங்க. ஆனா கேட்டுட்டா பட்டியல்ல எடம் கெடையாது. சுத்தலாம், பந்தயத்துல இல்ல.”

“ஒரு வார்த்த கேட்டதுக்கா?”

“அதான் பந்தயமே, தனம்.”

அதைச் சொன்னபோது அவருக்குப் பெருமையாகக்கூட இருந்தது. ஏதோ அந்த விதியை அவரே எழுதியதுபோல.

ஒரு வியாழக்கிழமை, கிடங்குச் சாப்பாட்டு அறையில், வானிலைப் படத்தைத் திறந்தார். மோட்டார்காரர்கள் எல்லோர் கைப்பேசியிலும் இருக்கும் படம்தான். பாலத்துக்கு மழை வருமா என்று பார்ப்பதற்கு. அதையே விரலால் தள்ளித் தள்ளித் தென்பெருங்கடல் வரை கொண்டுபோவது அவருடைய மத்தியான வழக்கம். அன்றைக்கு மஞ்சள் புள்ளி இருக்க வேண்டிய இடத்துக்கு மேற்கே இரண்டு சுழல்கள் கிடந்தன. நாளைக் கொஞ்சம் முன்னால் நகர்த்திப் பார்த்தார். இரண்டும் நெருங்கி ஒன்றாகின. இன்னும் நகர்த்தினார். சிவப்பு கடந்து, ஊதா கடந்து, அந்தப் படத்தில் அதுவரை அவர் பார்த்தேயிராத ஒரு வெளிறிய நிறம் வந்தது. அது ஞாயிற்றுக்கிழமை அவள் மேல் ஏறும்.

சோறு ஆறிப்போனது.

பந்தய ரசிகர்களின் பக்கத்தைத் திறந்தார். பிரேசிலில் ஒரு பல் மருத்துவர், இங்கிலாந்தில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருத்தி, இன்னும் எத்தனையோ பேர், எல்லோரும் அதே படத்தைப் பார்த்திருந்தார்கள். வடக்கே ஏறினால் நடுப்பகுதியிலிருந்து தப்பிவிடலாம், ஆனால் இன்றோ நாளையோ ஏற வேண்டும் என்றார் பல் மருத்துவர். அவளுடைய காற்றழுத்தக் கருவி நாளைதான் இறங்கத் தொடங்கும் என்றார் வேறொருவர். நாம் பார்க்க மட்டும்தான் முடியும் என்று ஆசிரியை எழுதியிருந்தாள். அதற்குக் கீழே கைகூப்பிய படங்கள் வரிசையாக விழுந்திருந்தன.

பார்க்க மட்டும்தான் முடியும். குணாளனால் அதைத் தாண்டிப் போக முடியவில்லை.

பந்தய அலுவலகத்துக்கு எழுதினார். அவர்களுடைய பதில் மறுநாள் காலை, பாலத்தின் நடுவில், அவர் தொடையில் அதிர்ந்தது. கிடங்கு வாசலில்தான் எடுத்துப் பார்க்க முடிந்தது. உங்கள் அக்கறைக்கு நன்றி. நாங்களும் அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். வானிலை பற்றிய எதையும் போட்டியாளருக்குத் தெரிவிப்பதில்லை. அவர் கேட்டால் மட்டுமே. அவர் கேட்கவில்லை.

அவளைத் தொடர்புகொள்ள வேறு வழி இருந்தது. இருக்கிறது என்று அவருக்கு மாதக்கணக்கில் தெரியும். பந்தயம் தொடங்குவதற்கு முன் மரெட் தன் படகின் உள்ளே சுற்றிக்காட்டிய காட்சி ஒன்றில், குறுஞ்செய்தி அனுப்பும் சிறிய கருவி ஒன்று சுவரில் மாட்டியிருந்தது. அலுவலகத்துக்கு அன்றாடம் தன் நிலையைச் சொல்வதற்கு. அதன் ஓரத்தில் ஒரு வெள்ளை ஒட்டுத்தாள், அதில் எண். ஒரு நொடிதான் கண்ணில் பட்டது. நாள் முழுக்கப் பெட்டிகளின் ஒட்டுத்தாளை வாசிக்கிற கண் அதைத் தானாக வாசித்துவிட்டது. வாசித்தது மறக்கவும் இல்லை. பிறந்தநாள் வாழ்த்துக்கூட அவர் அனுப்பியதில்லை. அந்த எண்ணைத் தனக்குத் தெரியாததாகவே வைத்திருந்தார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம், சாப்பாட்டு அறையின் ஓரத்தில் நின்றுகொண்டே, ஆங்கிலத்தில் அடித்தார். கிடங்கில் பழகிய அதே ஆங்கிலம். பெரிய புயல் பின்னால் வருது. இப்பவே வடக்கே போ. காத்திருக்காதேலா.

அனுப்பியதும் உடம்பு லேசானது. கால் தானாக நீண்டு, பின்னால் வருகிறவன் கண்டுகொண்ட மாதிரி. உட்கார்ந்து முழுச் சோற்றையும் சாப்பிட்டார்.

சனிக்கிழமை லீவு. காலையில் பசியாற உட்கார்ந்தபோது பந்தயப் பக்கத்தில் புதிய அறிவிப்பு. தோசையைப் பிட்ட கை அப்படியே நின்றது.

மரெட் தானாகவே அலுவலகத்துக்குச் சொல்லியிருந்தாள். யாரென்று தெரியாத ஓர் ஆளிடமிருந்து செய்தி வந்தது, என்னவென்று தெரியாமல் படித்துவிட்டேன், வானிலை பற்றியது. அவ்வளவுதான். மறைத்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. நடுவர்கள் கூடித் தீர்ப்புச் சொல்லியிருந்தார்கள். படித்தது அவர் குற்றமல்ல. ஆனால் இந்தப் புயல் கடந்து முடியும்வரை அவர் வடக்கே திரும்பினால், அது வெளியாள் சொல்லைக் கேட்டுத் திரும்பியதாகவே கொள்ளப்படும். பட்டியலிலிருந்து அவர் பெயர் எடுக்கப்படும்.

குணாளன் மூன்று தடவை படித்தார். பிறகு வரைபடத்தைத் திறந்தார். மஞ்சள் புள்ளி இம்மியும் வடக்கே ஏறவில்லை. நேர் கிழக்கே, கோடு போட்டதுபோல் போய்க்கொண்டிருந்தது.

ரசிகர்கள் கொதித்துப்போயிருந்தார்கள். “அவளுடைய காற்றழுத்தக் கருவி நேற்றே இறங்கத் தொடங்கியிருக்கும்” என்று எழுதியிருந்தார் பல் மருத்துவர். “அவளே திரும்பியிருப்பாள். இப்போது திரும்ப முடியாது. எவனோ ஒரு முட்டாள் அவள் கையைக் கட்டிப் புயலுக்குள் தள்ளிவிட்டான்.” அலுவலகம் செய்தியின் வாசகத்தையும் வெளியிட்டிருந்தது. கடைசியில் ஒட்டிக்கொண்டிருந்த அந்த லா என்ன என்று யாரோ கேட்க, அது மலேசியாவோ சிங்கப்பூரோ என்று இன்னொருவர் விளக்கியிருந்தார். அதற்குக் கீழே வரிசையாக வசவுகள்.

“என்னங்க, தோச ஆறுது,” என்றாள் தனலெட்சுமி. முகத்தைப் பார்த்துவிட்டுக் கரண்டியைக் கீழே வைத்தாள். “யாரு செத்தா?”

“யாரும் சாகல.”

“அப்ப ஏன் இப்படி ஒக்காந்திருக்கீங்க?”

சொன்னார். எண்ணைப் பார்த்ததிலிருந்து லா வரைக்கும். தனலெட்சுமி முழுக்கக் கேட்டாள். இந்தத் தடவை அவர் வாக்கியங்களை அவள் முடித்து வைக்கவில்லை.

“ரூல்சு தெரிஞ்சும் அனுப்புனீங்களா?”

“தெரிஞ்சுதான்.”

“எனக்கே பாடம் எடுத்தீங்களே.”

“பாத்துட்டு சும்மா இருக்க முடியலம்மா.”

“நீங்க சும்மா இருந்திருந்தா அவ இந்நேரம் திரும்பியிருப்பா. அப்படித்தான?”

அவர் தலையாட்டினார். அவள் சொன்னதைவிடக் குறைவான சொற்களில் யாராலும் சொல்லியிருக்க முடியாது.

அன்றைக்குப் பொழுது சாயும்வரை வெவ்வேறு விதமாக எழுதி எழுதி அழித்து, கடைசியில் அலுவலகத்துக்கு ஒரு கடிதம் அனுப்பினார். தன் பெயர், ஊர், வேலை எல்லாம் போட்டார். அனுப்பியது நான்தான். அவர் என்னிடம் கேட்கவில்லை. அவருக்கு என்னைத் தெரியாது. எனக்கு என்ன தண்டனை வேண்டுமானாலும் கொடுங்கள், அவரைத் திரும்ப விடுங்கள். வாசித்துப் பார்க்கையில் போலீசுக்கு எழுதியதுபோல இருந்தது. அப்படியே அனுப்பினார்.

ஞாயிற்றுக்கிழமை ஸ்கூடாயில், தனலெட்சுமியின் தங்கை மகளுக்கு நிச்சயதார்த்தம். போகாமல் இருக்க வழியில்லை. மண்டப வாசலில் பன்னீர் தெளித்தார்கள். அதைத் துடைப்பதற்குள் பதில் வந்தது. உங்கள் நேர்மைக்கு நன்றி. முடிவில் மாற்றமில்லை. உங்கள் கடிதத்தை இப்போது அவருக்கு அனுப்புவதும் முறையல்ல. தயவுசெய்து அந்த எண்ணுக்கு இனி எதையும் அனுப்பாதீர்கள்.

தட்டு வரிசை மாற்றினார்கள். நாதஸ்வரம் ஒலிபெருக்கியில் இரைந்தது. புயலின் முன்விளிம்பு இந்நேரம் அவளைத் தொட்டிருக்கும். சகலை லெட்சுமணன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“என்ன சகல, மண்டபத்துலயும் போன்தானா? நாளைக்கு பாலத்துல ஜாம் இருக்குமா, இல்லியா? அதச் சொல்லுங்க.”

“தெரியல.”

“என்னது, ஒங்களுக்கே தெரியலியா? அப்புறம் ஊரு ஒலகத்துக்கு யாரு சொல்றது?”

லெட்சுமணன் தன் நகைச்சுவைக்குத் தானே தொடை தட்டிச் சிரித்தார். குணாளன் மேசைக்கு அடியில் திரையை இழுத்துப் புதுப்பித்தார். மற்ற புள்ளிகள் எல்லாம் நகர்ந்திருந்தன. மஞ்சள் மட்டும் முன்பிருந்த இடத்திலேயே இருந்தது. அதாவது, அவளுடைய இடத்தைக் காட்டும் கருவியிலிருந்து ஒன்றும் வரவில்லை. இலையில் பாயசம் ஊற்றிவிட்டுப் போனார்கள். மறுபடி புதுப்பித்தார். அதே இடம். எழுந்து கை கழுவப் போகிறவர்போல வெளியே வந்தார்.

மண்டபத்தின் பின்னால் கார் நிறுத்துமிடம். அதைத் தாண்டி ஒரு பெரிய வடிகால். பல்கலைக்கழகப் பக்கத்துச் சாலையில் வண்டிகள் முட்டிக்கொண்டு ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தன. வெயில் சிமெண்டில் பட்டுக் கண்ணைக் குத்தியது. பட்டு வேட்டியோடு வடிகாலின் கட்டைச் சுவரில் உட்கார்ந்தார். ஒரு கப்பலும் போகாத கடலில், இருட்டில், இப்போது அவள் என்ன செய்துகொண்டிருப்பாள் என்று நினைத்துப் பார்க்க முயன்றார். உருளைக்கிழங்குத் தோல்தான் வந்தது. வேறெதுவும் வரவில்லை. அவளைப் பற்றித் தனக்குத் தெரிந்தது அவ்வளவுதான் என்பது அப்போது உறைத்தது.

கை தானாக அந்த எண்ணை அடித்தது. பட்டியல் போனால் போகட்டும். உயிரைப் பார். திரும்பு. இத்தனையும் எழுதிவிட்டுக் கட்டைவிரலைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். ஏற்கெனவே திரும்பியிருந்தால் இது அவளை என்ன செய்யும்? திரும்பாமல் இருந்தால்? படகு கவிழ்ந்து, சுவரில் மாட்டிய அந்தக் கருவி மட்டும் மினுக்கிக்கொண்டிருந்தால்?

பட்டுப்புடவை சரசரத்தது. தனலெட்சுமி வந்து பின்னால் நின்று திரையைப் பார்த்தாள்.

“யாருக்கு அது?”

அவர் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

“அனுப்பாதீங்க.”

“தனம், புள்ளி நகரல.”

“அதுக்கு?”

“எதாச்சும் சொல்லணும்ல. ஒரு மனுசி அங்க…”

“மொத தடவயும் இப்படித்தான் சொல்லியிருப்பீங்க ஒங்க மனசுக்குள்ள.” அவள் குரல் உயரவில்லை. “ஒங்களுக்குப் பயமா இருக்கு. அத அவ தலைல கொண்டுபோய் வைக்காதீங்க. அவகிட்ட ஏற்கெனவே நெறைய இருக்கு.”

வேறு சமயமாக இருந்தால் சண்டை வந்திருக்கும். குணாளன் எழுத்துகளை ஒவ்வொன்றாக அழித்தார். வாழ்நாளில் ஒரு எண்ணெய்த் திட்டைப் பார்த்துவிட்டுக் காலை நீட்டாமல் தாண்டியது அதுதான் முதல் முறை. இருவரும் அந்தச் சுவரில் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே போட்டோவுக்கு அவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். போகவில்லை.

திங்கட்கிழமை காலை குழுவில் குரல் பதிவு எதுவும் விழவில்லை. செல்லப்பன் தனியாக அழைத்து, “அண்ணே, ஒடம்பு சரியில்லையா?” என்று கேட்டான். ஆமாம் என்றார். வேலைக்குப் போனார். ஒரு பெட்டியைத் தப்பான வரிசையில் வைத்தார், மேற்பார்வையாளன் கத்தினான். எதுவும் காதில் ஏறவில்லை. புள்ளி அங்கேயே இருந்தது. ரசிகர்களின் பக்கத்தில் வசவுகூட நின்றுபோயிருந்தது. அதுதான் எல்லாவற்றையும்விட அவரைக் கலங்கடித்தது.

திரும்பி வருகையில், மலேசியக் குடிநுழைவில் வரிசை நின்ற இடத்தில், பழக்கத்தில் திரையை இழுத்தார். மஞ்சள் புள்ளி நகர்ந்திருந்தது.

வடக்கே.

கொஞ்சம்தான், நொண்டியதுபோல. பின்னாலிருந்து ஹார்ன் அடித்தார்கள். ஒரு மலாய்க்காரப் பையன் “பக்சிக், ஜாலான்லா!” என்று, நகரச் சொல்லிக் கத்தினான். குணாளன் வண்டியை உருட்டிக்கொண்டு ஓரத்துக்குப் போய், ஹெல்மெட்டைக் கழற்றாமலேயே அழுதார். கண்ணாடி புகை படிந்ததுபோல் மங்கிப்போனது.

மறுநாள் சாயங்காலம் அறிவிப்பு வந்தது. ஒரு பேரலை படகைப் புரட்டிப் போட்டிருந்தது. பாய்மரம் தப்பியது. அவளுக்கு இரண்டு விலா எலும்புகள் முறிந்திருந்தன. அதற்குப் பிறகுதான் வடக்கே திருப்பியிருக்கிறாள். ஆபத்து நீங்கிவிட்டது. விதிப்படி அவள் பெயர் பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டது. மஞ்சள் புள்ளிக்குப் பக்கத்தில் எண் இல்லை, ஒரு சிறு கோடு மட்டும்.

சமையல் அறையில் தனலெட்சுமி குழம்பைக் கிளறிக்கொண்டிருந்தாள். குணாளன் வாசற்படியில் நின்றுகொண்டே சொன்னார். “உசுரோட இருக்காங்க.”

“அப்பாடா.” கரண்டியை வைத்துவிட்டுத் திரும்பினாள். “அப்புறம் ஏன் மூஞ்சி இப்படி இருக்கு?”

“அவங்க எழுதியிருக்காங்க.”

“ஒங்களத் திட்டியா?”

“இல்ல.”

“படிங்க.”

அவர் ஒவ்வொரு வரியாகத் தமிழாக்கிச் சொன்னார். சொல்லச் சொல்லத்தான் அவருக்கே முழுதாக விளங்கியது. அந்தச் செய்தி வந்தபோது என் காற்றழுத்தக் கருவி இறங்கத் தொடங்கியிருந்தது. வானமும் சரியில்லை. நானாகவே திரும்பியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. இனி எப்போதும் சொல்ல முடியாது. எனக்கு அது முடியுமா என்று தெரிந்துகொள்ளத்தான் நான் வீட்டைவிட்டுக் கிளம்பினேன். அனுப்பியவர்மேல் எனக்குக் கோபமில்லை. அவருக்குப் பயமாக இருந்திருக்கும்.

குழம்பு கொதித்து விளிம்புக்கு வந்தது. தனலெட்சுமி அடுப்பை அணைத்தாள்.

“பாவம் அவ,” என்றாள்.

இத்தனை மாதத்தில் மரெட்டை அவள் அப்படிச் சொன்னதில்லை. வெள்ளக்காரி, ஒங்க படகுக்காரி, அவ்வளவுதான். சட்டியை மூடிவிட்டுச் சொன்னாள்.

“ஒத்தையா போகணும்னு கெளம்பினா. நீங்க பின்னால ஏறி ஒக்காந்துட்டீங்க.”

குணாளன் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். “எறங்கிடுறேன் தனம். அந்தப் பக்கமே இனி பாக்கல. போதுமா?”

“எங்க எறங்குவீங்க? நடுக்கடல்ல நிக்கிது படகு.” தட்டை எடுத்து, சோறு போட்டு, அவர் முன்னால் வைத்தாள். “அவ கரைக்கு வர்ற வரைக்கும் வாயத் தெறக்காம ஒக்காந்திருங்க. வேற வழியில்ல.”

அவர் உட்கார்ந்தார். சோற்றில் கை வைத்தார். மரெட்டின் படகுக்கு ஹார்ன் முனை இன்னும் வெகுதூரத்தில் இருந்தது.